குழந்தை யார் பொறுப்பு? துறைகளுக்கு நடுவே ஒரு சேரிப் பிள்ளை



ஓர் இலக்கிய அமைப்பின் நினைவுச் சொற்பொழிவில் அங்கன்வாடி, ஆரம்ப சுகாதார நிலையம், காவல் நிலையம், குழந்தைகள் நலக் குழு என்று அலுவலகங்களின் பெயர்களாகவே அடுக்கப் போகிறேன். கதை, கவிதை பற்றிக் கேட்க வந்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். தலித் தன்வரலாறுகளைப் படித்தவர்களுக்கு இந்தப் பொருள் ஒன்றும் அந்நியமாக இருக்காது. நம் எழுத்தில் பெரும்பகுதி ஒரு குழந்தையிடமிருந்துதான் தொடங்குகிறது. பள்ளிக்கூடம், தண்ணீர்க் குழாய், டீக்கடை என்று எங்கோ ஓரிடத்தில், தான் யார் என்பதை ஊர் சொல்லி அந்தப் பிள்ளை தெரிந்துகொள்கிறது. அந்த இடத்தில் பல நேரம் ஓர் அரசு ஊழியரும் நின்றுகொண்டிருக்கிறார்.

அம்பேத்கர் தன் நினைவுகளை எழுதிய 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற சிறுநூலின் முதல் சம்பவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1901ஆம் ஆண்டு. கோரேகாவில் வேலை பார்த்த அப்பாவைப் பார்க்க, பெரியவர் துணை இல்லாமல் பிள்ளைகள் ரயிலேறிப் போகிறார்கள். மசூர் ரயில் நிலையத்தில் இறங்கிக் காத்திருக்கிறார்கள். அழைத்துப் போக யாரும் வரவில்லை. நல்ல உடை உடுத்திய பிள்ளைகளைப் பார்த்து ஸ்டேஷன் மாஸ்டர் அக்கறையோடு விசாரிக்கிறார். மகர் சாதி என்று தெரிந்ததும் அவர் முகம் மாறிவிடுகிறது. தன் அறைக்குத் திரும்பிப் போய்விடுகிறார். பிறகு வந்து உதவுகிறார், அதுவும் எப்படி? இரட்டைக் கூலி கொடுத்து, பிள்ளைகளே மாட்டு வண்டியை ஓட்ட, வண்டிக்காரர் கூடவே நடந்துவருவது என்ற ஏற்பாட்டில். கையில் சாப்பாடு இருந்தும் குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல் அந்த இரவு கழிகிறது.

இதைத் தீண்டாமைக்குச் சான்றாகப் பலமுறை மேடைகளில் கேட்டிருப்பீர்கள். இன்றைக்கு நான் கவனிக்கச் சொல்வது இன்னொரு தகவலை. அப்பா ஏன் வரவில்லை? பிள்ளைகள் கிளம்புவதைச் சொல்லும் கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டது. வாங்கிய வேலையாள் அதை அப்பாவிடம் கொடுக்கவில்லை. ஆக அந்தப் பிள்ளைகளை ஆபத்தில் தள்ளியவை இரண்டு. ஒன்று, கைமாறாமல் போன ஒரு செய்தி. இன்னொன்று, பக்கத்தில் வர மறுத்த ஒரு பொறுப்பாளர். இரண்டில் ஒன்று மட்டும் நடந்திருந்தால் பிள்ளைகள் சமாளித்திருப்பார்கள். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்ததுதான் ஆபத்து. குழந்தைகளைப் பாதுகாக்க ஏற்பட்ட துறைகள் எப்படி வேலை செய்கின்றன, எங்கே தவறுகின்றன என்று இன்று பேசும்போதும் இந்த இரண்டும்தான் திரும்பத் திரும்ப வரும்.

லண்டனில் ஒரு கறுப்பினச் சிறுமி

உலக அளவில் இந்த விஷயத்தை ஆழமாக விசாரித்த அறிக்கைகளில் ஒன்று இங்கிலாந்தில் வந்தது. அதைத் தெரிந்துகொள்வது நமக்கு நல்லது. விக்டோரியா கிளிம்பி, ஐவரி கோஸ்ட் நாட்டில் 1991இல் பிறந்தவள். நல்ல படிப்பு கிடைக்கும் என்று நம்பி, பெற்றோர் அவளை அப்பாவின் அத்தையோடு அனுப்பிவைத்தார்கள். பிரான்ஸ் வழியாக 1999 ஏப்ரலில் லண்டன் வந்தாள். 2000 பிப்ரவரி 25இல் மருத்துவமனையில் இறந்தாள். வயது எட்டு. உடம்பில் 128 காயங்கள். அந்த அத்தையும் அவருடைய ஆண் துணையும் கொலைக் குற்றத்துக்காக ஆயுள் தண்டனை பெற்றார்கள்.

அந்தக் குழந்தையை யாரும் பார்க்கவில்லையா என்று கேட்டால், ஏறக்குறைய எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். நான்கு நகராட்சிகளின் சமூக சேவைத் துறைகள், காவல்துறையின் இரண்டு குழந்தைப் பாதுகாப்புப் பிரிவுகள், இரண்டு மருத்துவமனைகள், வீட்டு வசதித் துறைகள், ஒரு தொண்டு நிறுவனத்தின் மையம். தூரத்து உறவுப் பெண் ஒருவர் தொலைபேசியில் எச்சரித்தார். அந்தத் தகவல் வாரக்கணக்கில் மேசையில் கிடந்தது. அதிகாரிகள் தேடிப் போனபோது குழந்தை வேறு இடத்துக்குப் போய்விட்டது. குழந்தையைப் பார்த்துக்கொண்ட பெண்ணின் குடும்பம் அவளை மருத்துவமனைக்கு அழைத்துப் போனது. ஒரு மருத்துவர் யாரோ அடித்த காயங்கள் என்று சந்தேகித்தார். மூத்த மருத்துவர் பார்த்துவிட்டு சிரங்கு என்றார். அத்தோடு காவல்துறையும் சமூக சேவைத் துறையும் விலகிக்கொண்டன.

அடுத்து நடந்ததை நாம் நின்று பார்க்க வேண்டும். குழந்தை இன்னொரு மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறாள். வீட்டைப் போய்ப் பார்த்து விசாரிக்க வேண்டிய சமூகப் பணியாளரும் காவலரும், சிரங்கு தொற்றிவிடும் என்று பயந்து போகாமல் இருந்துவிடுகிறார்கள். மசூர் ஸ்டேஷன் மாஸ்டர் பின்வாங்கியதற்கும் இதற்கும் நடுவே ஒரு நூற்றாண்டு இருக்கிறது. காரணங்களும் வேறு. ஆனால் குழந்தைக்குக் கிடைத்தது ஒன்றுதான்.

லார்டு லாமிங் நடத்திய விசாரணையின் அறிக்கை 2003 ஜனவரியில் வெளிவந்தது. அதில் 108 பரிந்துரைகள். அவளைக் காப்பாற்றியிருக்கக்கூடிய 12 சந்தர்ப்பங்கள் தவறவிடப்பட்டன என்று அது கணக்கிட்டது. அறிக்கையில் ஒரு தலித் வாசகர் அடிக்கோடிட வேண்டிய இடம் ஒன்று உண்டு. அத்தையின் முன்னால் அந்தச் சிறுமி சிப்பாயைப் போல் விறைத்து நிற்பாள். பார்த்தவர்கள் அதைப் பயம் என்று எடுத்துக்கொள்ளவில்லை. ஆப்பிரிக்கக் குடும்பங்களில் பெரியவர்களுக்குக் காட்டும் மரியாதை என்று எடுத்துக்கொண்டார்கள். அப்படி நினைத்தவர்களில் கறுப்பினத்தவரும் இருந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். 'அவர்கள் சமூகத்தில் அப்படித்தான்' என்ற எண்ணம் வெளியாட்களுக்கு மட்டும் உரியது இல்லை.

'அந்தப் பக்கம் எல்லாம் பதினைந்து பதினாறிலேயே கட்டிக் கொடுத்துவிடுவார்கள்', 'குடித்துவிட்டு அடித்துக்கொள்வது அவர்களுக்குச் சகஜம்', 'பிள்ளையைக் குப்பைமேட்டில் விட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போவார்கள்'. நம் தாலுகா அலுவலகங்களில் இந்த வாசகங்களைக் கேட்காதவர்கள் இங்கே எத்தனை பேர்? சேரிக் குழந்தையின் ஆபத்தை ஆபத்தாகப் பார்க்காமல் பழக்கமாகப் பார்க்கும் கண் இது.

அந்த அறிக்கைக்குப் பிறகு இங்கிலாந்து 2004இல் சட்டம் இயற்றி, ஒவ்வொரு பகுதியிலும் துறைகள் சேர்ந்து உட்கார வேண்டிய வாரியங்களை உருவாக்கியது. 2017இல் அதையும் மாற்றி உள்ளாட்சி, காவல்துறை, சுகாதாரத் துறை மூன்றுக்கும் சமப் பொறுப்பு என்று சட்டத்திலேயே எழுதியது. இதனால் எல்லாம் சரியாகிவிடவில்லை. 2007இல், விக்டோரியா வாழ்ந்த அதே ஹேரிங்கே பகுதியில், 17 மாதக் குழந்தை ஒன்று, துறைகள் பலமுறை பார்த்துக்கொண்டிருக்கும்போதே சித்திரவதையில் இறந்தது. சட்டம் எழுதியதும் வேலை முடிந்தது என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்லிவைக்கிறேன்.

நம் சட்டம் சொல்வது

இனி நம் ஊருக்கு வருவோம். நம்மிடம் சட்டம் இல்லை என்ற பேச்சுக்கு இடமில்லை. 2015ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டம் 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. மாவட்டம்தோறும் ஒரு குழந்தைகள் நலக் குழு இருக்க வேண்டும். தலைவர் ஒருவர், உறுப்பினர்கள் நால்வர், அவர்களில் ஒருவராவது பெண். இந்தக் குழுவுக்கு முதல் வகுப்பு நீதித்துறை நடுவரின் அதிகாரம் உண்டு. மாதத்தில் குறைந்தது 20 நாள் கூட வேண்டும். பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தையைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் இந்தக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். நிறுத்துவது காவலராக இருக்கலாம், செவிலியராக இருக்கலாம், நீங்களாகவும் இருக்கலாம். இதைப் பலர் அறியாமல் காவல் நிலைய வாசலிலேயே நாள் கணக்கில் நிற்கிறார்கள்.

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு என்பது வேறு. அது நிர்வாக அலுவலகம். ஆட்களை அனுப்பி வீட்டை விசாரிப்பது, உதவித் தொகைக்குப் பரிந்துரைப்பது, துறைகளை இணைப்பது அதன் வேலை. ஒவ்வொரு காவல் நிலையத்திலும் உதவி ஆய்வாளருக்கு அடுத்த படியான ஏ.எஸ்.ஐ. நிலைக்குக் குறையாத ஒருவர் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் என்று குறிக்கப்பட்டிருக்க வேண்டும். மாவட்டத்துக்கு ஒரு சிறார் காவல் பிரிவு, டி.எஸ்.பி. தலைமையில், இரண்டு சமூகப் பணியாளர்களோடு. குழந்தைத் திருமணம் என்றால் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் தடுப்பு அலுவலர், மாவட்ட சமூக நல அலுவலர். 1098 என்ற தொலைபேசி எண் 1996இல் மும்பையில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் களப்பணியாகத் தொடங்கியது. 2023இல் அதை அரசே எடுத்துக்கொண்டு 112 அவசர எண்ணோடு இணைத்தது.

பாலியல் குற்றம் என்றால் 2012இன் போக்சோ சட்டம். தெரிந்தவர் யாராக இருந்தாலும் சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் அதுவே குற்றம். காவல்துறை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தெரிவிக்க வேண்டும். வாக்குமூலத்தைக் குழந்தை இருக்கும் இடத்திலேயே வாங்க வேண்டும், வாங்குபவர் சீருடையில் இருக்கக் கூடாது.

பாதிக்கப்பட்ட குழந்தை தலித்தாகவும், குற்றம் செய்தவர் தலித் அல்லாதவராகவும் இருந்தால் இன்னொரு சட்டமும் சேர வேண்டும்: 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். இங்கேதான் இரண்டு அலுவலக உலகங்கள் ஒன்றையொன்று பார்க்காமல் போகின்றன. போக்சோ வழக்கு பெரும்பாலும் அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் ஆய்வாளரிடம் இருக்கும். வன்கொடுமைப் பிரிவு சேர்ந்தால் டி.எஸ்.பி. நிலை அதிகாரி விசாரிக்க வேண்டும். நிவாரணம் ஆட்சியர் வழியாக ஆதிதிராவிடர் நலத்துறையிலிருந்து வர வேண்டும். விதிகளின்படி ஏழு நாட்களுக்குள். முதல் தகவல் அறிக்கையில் குழந்தையின் சாதி எழுதப்படாவிட்டால் இந்தக் கதவு எதுவும் திறக்காது. குழந்தைப் பாதுகாப்புக்காரர்கள் 'குழந்தைக்கு ஏது சாதி' என்பார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்வார்கள். அந்த நல்ல எண்ணத்தால் ஒரு குடும்பம் சட்டப்படியான நிவாரணத்தையும் சாட்சிப் பாதுகாப்பையும் இழந்துவிடும். குற்றம் செய்தவர்களுக்குக் குழந்தையின் சாதி நன்றாகவே தெரிந்திருந்தது என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

வன்கொடுமைச் சட்டத்தின் விதிகளில் மாவட்ட அளவிலான விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு இருக்கிறது. ஆட்சியர் தலைமையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். குழந்தைப் பாதுகாப்புப் பணிகளை ஒருங்கிணைக்கும் பொறுப்பும் 2021 திருத்தத்துக்குப் பிறகு அதே ஆட்சியரிடம் வந்திருக்கிறது. இரண்டு கோப்புகளும் ஒரே மேசைக்குப் போகின்றன. குழந்தைகள் சம்பந்தப்பட்ட வன்கொடுமை வழக்குகளைத் தனியாக எடுத்து, பாதுகாப்பு அலகின் அலுவலரையும் அந்தக் கூட்டத்துக்கு அழைத்துப் பேசுங்கள் என்று கேட்க நமக்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை.

சொன்ன பிறகு என்ன நடக்கிறது?

நாங்குநேரியை எல்லோரும் நினைவில் வைத்திருப்பீர்கள். 2023 ஆகஸ்ட் 9 இரவு. பன்னிரண்டாம் வகுப்பு படித்த தலித் மாணவனை உடன் படித்த ஆதிக்க சாதி மாணவர்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கையையும் வெட்டினார்கள். அதிர்ச்சியில் உறவினர் ஒருவர் உயிரிழந்தார். அதற்கு முன் நடந்ததுதான் நம் பொருளுக்கு முக்கியம். தொல்லை தாங்காமல் அந்த மாணவன் பள்ளிக்குப் போவதை நிறுத்தியிருந்தான். ஏன் வரவில்லை என்று பள்ளி விசாரித்தது. அதுவரை சரி. மாணவன் பெயர்களைச் சொன்னான். அதன் பிறகே வெட்டு விழுந்தது.

இதிலிருந்து 'வாயைத் திறக்காதே' என்ற பாடத்தை நம் பிள்ளைகள் எடுத்துக்கொண்டால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒரு குழந்தை உண்மையைச் சொல்லும் நேரம்தான் அதற்கு மிக ஆபத்தான நேரம். சொன்னது எதிர்த்தரப்புக்குப் போய்ச் சேரும் வேகம், காவல் நிலையத்துக்கோ பாதுகாப்பு அலகுக்கோ போய்ச் சேரும் வேகத்தைவிடப் பல மடங்கு அதிகம். ஊரில் சாதிக்கு இருக்கும் தகவல் தொடர்பு எந்த அரசுத் துறைக்கும் கிடையாது. பள்ளிக்கூடம் புகாரைக் கேட்டதும், அன்றே அந்த வீட்டுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று காவல்துறைக்குச் சொல்லும் கடமை எழுதப்பட்ட நடைமுறையாக இருக்க வேண்டும். தலைமையாசிரியரின் நல்ல மனதை நம்பி அதை விட முடியாது.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிப் பெயர்களில் சாதி இருக்கக் கூடாது, சாதி அடையாளக் கயிறுகளுக்குத் தடை, பள்ளி நல அலுவலர் என்ற புதிய பணியிடம் என்று அதில் பல பரிந்துரைகள். கயிறு பற்றித்தான் தொலைக்காட்சிகளில் விவாதித்தார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது பள்ளி நல அலுவலர்தான். ஏனென்றால் அது பள்ளிக்குள் ஒரு காதையும், வெளியே போகும் ஒரு வழியையும் உண்டாக்கும். வெட்டிய பையன்களும் சட்டத்தின் கண்ணில் குழந்தைகள்தான். அவர்கள் கையில் அரிவாள் வந்து சேரும்வரை எந்தத் துறையும் அவர்களைப் பற்றியும் ஒரு வரி எழுதிவைக்கவில்லை. இதைச் சொல்வதால் அவர்களுக்குப் பரிந்து பேசுகிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வேங்கைவயலில் வேறு மாதிரி. 2022 டிசம்பர் கடைசி வாரத்தில் குழந்தைகள் வாந்தி, வயிற்றுப்போக்கு என்று நோயில் விழுந்தார்கள். மருத்துவர்கள் குடிநீரைச் சந்தேகித்தார்கள். தொட்டியில் ஏறிப் பார்த்தவர்கள் அந்தக் குடியிருப்பின் இளைஞர்கள். தண்ணீரில் மனித மலம். அதற்குப் பிறகு வந்த விசாரணை, 2025 ஜனவரியில் அதே குடியிருப்பைச் சேர்ந்த மூவர் மீதே சி.பி.சி.ஐ.டி. தாக்கல் செய்த குற்றப்பத்திரிகை, அதை நம் இயக்கங்கள் ஏற்க மறுத்தது எல்லாம் உங்களுக்குத் தெரியும். நான் கேட்பது முதல் நாள் பற்றி. ஒரே தெருவிலிருந்து பல குழந்தைகள் ஒரே நோயோடு வந்தால், மருத்துவமனையிலிருந்து சுகாதார ஆய்வாளருக்கும் அவரிடமிருந்து ஊராட்சிக்கும் தகவல் போய், அதிகாரி ஒருவர் தொட்டியில் ஏறியிருக்க வேண்டும். நம் பிள்ளைகளின் உயிரைக் காக்கும் ஏணியில் பெரும்பாலும் நாமேதான் ஏற வேண்டியிருக்கிறது.

தொட்டில் முதல் சூளை வரை

கைக்குழந்தைகள் விஷயத்தில் தமிழ்நாட்டுக்குப் பெருமைப்பட நிறைய இருக்கிறது. கர்ப்பம் உறுதியான உடனே கிராம சுகாதாரச் செவிலியர் பதிவு செய்கிறார், எண் ஒன்று கிடைக்கிறது, பரிசோதனை, ஊசி, பேறுகால நிதி எல்லாம் அந்த எண்ணில் ஏறுகின்றன. குழந்தை பிறந்ததும் அங்கன்வாடிப் பதிவேடு. மாநிலத்தில் 54,000க்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள். நர்சம்மாவின் பதிவேடும் அங்கன்வாடி டீச்சரின் பதிவேடும் ஒரே பெயர்களைக் கொண்டிருக்க வேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் இருந்து மற்றொன்றில் விடுபட்ட குழந்தைதான் நாம் தேட வேண்டிய குழந்தை. இதைச் செய்ய ஒரு மாலை நேரம் போதும்.

மையம் எங்கே இருக்கிறது என்பதும் கேள்வி. ஊர்த் தெருவில் மையம் இருந்தால், இரண்டு வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்தத் தெருவழியே போக வேண்டிய அம்மா, வேலைக்கு நேரமாகிறது என்று விட்டுவிடுகிறாள். உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004இல் தலித், பழங்குடிக் குடியிருப்புகள் அனைத்திலும் அங்கன்வாடி வேண்டும் என்று ஆணையிட்டது. 2006 டிசம்பரில் இன்னும் ஒரு படி மேலே போய், மையம் இல்லாத குடியிருப்பில் ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகள் இருந்தால், மக்கள் கேட்ட மூன்று மாதத்துக்குள் மையம் திறக்க வேண்டும் என்றது. கேட்டால் கிடைக்கும் என்பதுதான் அந்த ஆணையின் உயிர். கேட்டதற்குச் சான்றாக மனுவின் ஒப்புகைச் சீட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

மிகவும் விடுபடுகிறவர்கள் இடம்பெயரும் குடும்பங்களின் பிள்ளைகள். செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் பொங்கல் முடிந்ததும் குடும்பத்தோடு கிளம்பும் தலித், இருளர் மக்களின் குழந்தைகள் சொந்த ஊர்ப் பதிவேட்டில் 'வெளியூர்' என்ற ஒரு சொல்லாகிவிடுகிறார்கள். சூளை இருக்கும் ஊரின் பதிவேட்டில் அவர்கள் இல்லவே இல்லை. தடுப்பூசி தவறும், எடை பார்ப்பது நிற்கும். சூளைப் பள்ளத்தில் தேங்கிய தண்ணீரும் லாரி திரும்பும் இடமும்தான் விளையாட்டு மைதானம். 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையான குழந்தைக்கு உள்ளூர் அங்கன்வாடியில் உணவு உரிமை என்கிறது. உள்ளூர் என்றால் குழந்தை இப்போது இருக்கும் ஊர்தான். முன்பணம் வாங்கிக் கட்டுண்டு கிடக்கும் குடும்பம் என்றால் கோட்டாட்சியர், தொழிலாளர் துறை, பாதுகாப்பு அலகு மூன்றும் ஒரே நாளில் சூளைக்குப் போக வேண்டும். பெற்றோரை மீட்டுவிட்டுப் பிள்ளைகளின் பள்ளியை மறந்துவிட்டால், அடுத்த ஆண்டு அதே குடும்பம் இன்னொரு சூளையில் இருக்கும்.

ஆழ்துளைக் கிணறுகளைப் பற்றி ஒரு வார்த்தை. தோண்டும் முன் எழுத்தில் தெரிவிக்க வேண்டும், வேலி போட வேண்டும், கைவிட்டால் மூட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010லேயே வழிகாட்டியது. 2019 அக்டோபரில் திருச்சி மாவட்டம் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை கைவிடப்பட்ட குழியில் விழுந்து இறந்தது. மீட்பதற்கு எத்தனை துறைகள் திரண்டன என்பதை நாடே பார்த்தது. மூடுவதற்கு ஒரு துறை போதுமாக இருந்தது.

ஒருங்கிணைப்பு நமக்கு எதிராகவும் திரும்பும்

இதுவரை பேசியதைக் கேட்டு, துறைகள் கைகோத்தால் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. யாருக்கு எதிராகக் கைகோக்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும். தலித் இளைஞனும் ஆதிக்க சாதிப் பெண்ணும் ஊரைவிட்டுப் போனால், அவளுக்குப் பதினெட்டு நிறைய சில மாதம் இருந்தால், அந்த ஒருமுறை மட்டும் காவல் நிலையமும் பள்ளிச் சான்றிதழும் மருத்துவமனையும் எவ்வளவு வேகமாக இணைகின்றன என்று நாம் பார்த்திருக்கிறோம். கடத்தல் வழக்கு, போக்சோ வழக்கு, பையன் சிறையில். வளரிளம் பருவத்துக் காதலைத் தண்டிக்க இந்தச் சட்டம் வரவில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் சொன்னது. சொன்ன பிறகும் பையன்கள் உள்ளே போகிறார்கள்.

கர்ப்பமான சிறுமிகளின் நிலை இன்னும் சிக்கல். மருத்துவமனைக்குப் போனால் போலீஸுக்குத் தெரிந்துவிடும் என்று பயந்து தெரிந்த யாரிடமோ மருந்து வாங்கிச் சாப்பிடுகிறார்கள், அல்லது பிரசவ வலி வரும்வரை மறைக்கிறார்கள். தாயாகும் குழந்தையும் பிறக்கும் குழந்தையும் இருவருமே ஆபத்தில். கருக்கலைப்புக்கு வரும் சிறுமி கேட்டுக்கொண்டால் அவள் அடையாளத்தைக் காவல்துறைக்கு மருத்துவர் வெளியிட வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் தெளிவுபடுத்தியது. இது நம் களப் பணியாளர்களுக்கும் அரசு மருத்துவமனைச் செவிலியர்களுக்கும் பரவலாகத் தெரிந்தாக வேண்டும்.

இன்னொரு பயம், பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்பது. வறுமையைக் கவனிப்பின்மை என்று எழுதும் பேனாக்கள் இருக்கின்றன. சட்டம் சொல்வதோ நேர்மாறு. காப்பகம் கடைசி வழி, குடும்பத்தில் வளர்வதே முதல் வழி. அதற்குத்தான் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் குழந்தை ஒன்றுக்கு மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகை இருக்கிறது. கணவரை இழந்த அல்லது கைவிடப்பட்ட பெண்ணின் குழந்தை, பெற்றோர் கடும் நோயில் இருக்கும் குழந்தை போன்றவர்களுக்கு. கிராமத்தில் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கையில் பச்சைக் குழந்தையோடு நிற்கும் ஒரு பெண், தானே வளர்க்க முடியாது என்று குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைத்தால்கூட, மறுபரிசீலனைக்கு அவளுக்கு இரண்டு மாத அவகாசம் சட்டத்தில் உண்டு. இந்த 4,000 ரூபாய் பற்றி அவளிடம் யாராவது சொன்னார்களா என்று நாம் கேட்க வேண்டும். 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் எத்தனையோ பெண் சிசுக்களின் உயிரைக் காத்தது என்பதை மறுக்கவில்லை. தொட்டில்வரை வந்த தாயைத் திரும்ப வீட்டுக்கு அனுப்பிவைக்கும் ஏற்பாடும் வேண்டும் என்கிறேன்.

ஊர்க் குழுவில் யார் உட்காருகிறார்கள்?

எல்லாத் துறைகளும் உண்மையில் சந்திக்க வேண்டிய இடம் கிராம அளவிலான குழந்தைகள் நலம் மற்றும் பாதுகாப்புக் குழு. ஊராட்சித் தலைவர், அங்கன்வாடிப் பணியாளர், சுகாதாரச் செவிலியர், ஆசிரியர், குழந்தைகளின் பிரதிநிதிகள். காகிதத்தில் அழகான அமைப்பு. ஆனால் 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவரான தலித் பெண் ஒருவரைக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்த படத்தை நாம் பார்த்தோம். தலைவருக்கே நாற்காலி இல்லாத ஊரில், அந்தத் தலைவர் தலைமையேற்கும் குழுவில் ஒரு சேரிச் சிறுமி எழுந்து பேசுவாள் என்று எதை வைத்து எதிர்பார்ப்பது? தலைவர் ஆதிக்க சாதிக்காரர் என்றால், புகார் அவருடைய பங்காளி மகன் மீது இருக்கும்போது கூட்டம் நடக்குமா?

அதனால் கூட்டம் கோயில் மண்டபத்தில் நடக்கக் கூடாது. காலனி அங்கன்வாடியிலோ பள்ளியிலோ ஒரு தடவையாவது மாறிமாறி நடக்க வேண்டும். காலனியிலிருந்து இரண்டு பெண்கள், ஒரு மாணவி பெயரோடு தீர்மானத்தில் இருக்க வேண்டும். குறிப்பிட்ட ஒரு குழந்தையின் விவகாரத்தை அந்தக் கூட்டத்தில் பெயர் சொல்லிப் பேசவே கூடாது. அது நேராக மாவட்ட அலகுக்கோ 1098க்கோ போக வேண்டும். பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயரையும் படத்தையும் வெளியிடுவது சட்டப்படி குற்றம். நம் தோழர்கள் ஆவேசத்தில் சுவரொட்டி அடிக்கும்போதும், முகநூலில் படம் போடும்போதும் இதை மறந்துவிடுகிறார்கள். ஊர்க் குழு பேச வேண்டியது பொதுவான ஆபத்துகளை: மூடாத கிணறு, வெளிச்சமில்லாத பள்ளி வழி, இரண்டு பதிவேட்டிலும் இல்லாத பெயர்கள், பள்ளிக்கு வராமல் நின்ற பிள்ளைகளின் எண்ணிக்கை.

மாணவர்கள் கேட்பார்கள், எங்கிருந்து தொடங்குவது என்று. உங்கள் ஊராட்சியில் இந்தக் குழு அமைக்கப்பட்டதா, உறுப்பினர்கள் யார், கடந்த ஓராண்டில் எந்தெந்தத் தேதியில் கூடியது, கூட்டக் குறிப்பின் நகல் என்ன என்று 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் வர வேண்டும். அதே மனுவின் இன்னொரு நகலில், உங்கள் காவல் நிலையத்தின் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் யார் என்றும் கேளுங்கள். அந்தப் பெயரையும் எண்ணையும் காலனி அங்கன்வாடிச் சுவரில் பெயின்டால் எழுதிவையுங்கள். அலுவலர் மாற்றலாகிப் போனால் எண்ணை அழித்து மறுபடி எழுத வேண்டியிருக்கும். கொஞ்சம் பெயின்டை மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள்.